ஓர் எழுத்தும் ஓர் ஊசியும்



உடலில் நடக்கும் வேதிவினைகளை விரைவாக நடத்திக் கொடுப்பவை என்சைம்கள். அவை எல்லாமே புரதங்கள் என்றுதான் நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். 1980களின் தொடக்கத்தில் தாமஸ் செக், சிட்னி ஆல்ட்மேன் இருவரும் ஆர்.என்.ஏ.வும் அந்த வேலையைச் செய்யும் என்று காட்டினார்கள். 1989இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இத்தகைய ஆர்.என்.ஏ.வுக்கு ரைபோசைம் என்று பெயர்.

நம் செல்களிலுள்ள ரைபோசோமும் அப்படித்தான். அமினோ அமிலங்களைக் கோத்துப் புரதம் ஆக்குவது அதிலுள்ள ஆர்.என்.ஏ.; கூட இருக்கும் புரதங்கள் துணைக்குத்தான். ரைபோசோமின் அமைப்பை ஆராய்ந்து 2009இல் நோபல் பெற்ற மூவரில் ஒருவர், சிதம்பரத்தில் பிறந்து கேம்பிரிட்ஜில் பணியாற்றிய வெங்கி ராமகிருஷ்ணன்.

வார்டில் நாங்கள் ஏற்றும் ஜென்டாமைசின், பாக்டீரியாவின் ரைபோசோம் ஆர்.என்.ஏ.வில் போய் ஒட்டிக்கொள்கிறது. புரதங்கள் பிழையாக உருவாகிக் கிருமி சாகிறது. நம் ரைபோசோம் சற்று வேறானது, அதனால் தப்பிக்கிறது.

ஆனால் நம் செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தனி ரைபோசோம் உண்டு. அது பாக்டீரியாவினுடையதை ஒத்தது. ஏறக்குறைய 500 பேரில் ஒருவருக்கு அதன் ஆர்.என்.ஏ.வில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அவர்களுக்கு இந்த மருந்தால் நிரந்தரமாகக் காது கேளாமல் போகலாம். ஊரில் காசநோய்க்குப் போட்டுவந்த ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் இதே வகைதான். இந்த மாற்றம் தாய்வழியாக வருகிறது.

தொற்று என்று சந்தேகித்தால் பச்சிளம் குழந்தைக்கு ஒரு மணி நேரத்துக்குள் மருந்து தொடங்க வேண்டும். அதற்காகவே மான்செஸ்டரில் ஒரு சோதனையை உருவாக்கினார்கள். குழந்தையின் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்தால், அரை மணி நேரத்துக்குள் அந்த எழுத்து மாறியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். ஆனால் எல்லா மருத்துவமனைகளிலும் இது கிடைப்பதில்லை.

ஆகவே அம்மாவிடமும் அம்மம்மாவிடமும் ஒரு கேள்வி கேளுங்கள்: "ஊசி மருந்துக்குப் பிறகு நம் வீட்டில் யாருக்காவது காது கேளாமல் போனதா?" ஆம் என்றால் ஜி.பி.யிடம் சொல்லிப் பதிந்து வையுங்கள். பிரசவத்துக்குப் போகும் அக்கா, மிட்வைஃபிடமும் சொல்லட்டும். பயந்து மருந்தை மறுக்க வேண்டாம். அது உயிர் காக்கும் மருந்து. முன்பே தெரிந்தால், வேறு மருந்து கொடுக்கலாமா என்று மருத்துவர் பார்ப்பார்.