அடித்தல் திருத்தலுக்கு அஞ்சாதீர்



நம் இதழின் இளைஞர் பகுதிக்குக் கட்டுரைகள் போதிய அளவில் வருவதில்லை என்பது நாம் அனைவரும் அறிந்ததே. நம் இல்லங்களில் கல்லூரிப் பிள்ளைகள் இல்லையா? உண்டு. அவர்களுக்கு எழுத ஆசை இல்லையா? அதுவும் உண்டு. பின் தடை யாது? சோம்பல் என்று பெரியவர்கள் எளிதில் சொல்லி விடுகிறோம். நான் கண்டவரை, தடையாக நிற்பது சோம்பல் அன்று. பிழையே இல்லாமல் எழுதவேண்டும் என்னும் பேராசைதான்.

என்னுடன் பணியாற்றும் நண்பர் ஒருவரின் மகள் இங்கு நாகபுரியில் பி.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். பள்ளியில் அவளுக்கு வாய்த்தவை இந்தியும் ஆங்கிலமும்; தெருவில் மராத்தி. தமிழை அன்னையிடம் எழுத்துக்கூட்டிக் கற்றவள். தன் பாட்டி தஞ்சை மாவட்டத்துச் சிற்றூரை விட்டு இவ்வூருக்குக் குடிவந்த வரலாற்றைத் தமிழில் எழுத விரும்பினாள். மூன்று வாரம் சென்றது. முதல் பத்தியைப் பதினொரு முறை எழுதிப் பதினொரு முறையும் கிழித்தெறிந்திருந்தாள்.

“ஏனம்மா கிழிக்கிறாய்?” என்று வினவினேன்.

“அச்சில் வரும் தமிழைப் போல் என் தமிழ் இல்லையே, மாமா. ‘வறுமை’க்கு எந்த ‘ற’ என்று ஐயம் வந்தால் கை அங்கேயே நின்று விடுகிறது” என்றாள்.

படிப்பதிலும் அவள் இவ்வாறே இருந்தாள். ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியைப் புரட்டுவாள். ஒரு வரி விளங்காவிடில் அடுத்த வரிக்குச் செல்லமாட்டாள். ஆறு மாதமாகியும் ஒரு நாவலின் நாற்பதாம் பக்கத்தை அவள் கடக்கவில்லை. இதற்கு ஒரு காரணமும் இருந்தது. சிறுமியாக இருந்தபோது ஊரிலுள்ள உறவினர்க்குக் கடிதம் எழுதினாளாம். ‘பழம்’ என்பதைப் ‘பலம்’ என்று எழுதிவிட்டாள். அக்கடிதத்தை ஒரு திருமண வீட்டில் பலர் முன்னிலையில் படித்துச் சிரித்தார்களாம். அதன்பின் அவள் தமிழில் கடிதம் எழுதவே இல்லை.

இரயில்வே அலுவலகத்தில் கையால் எழுதும் பதிவேடுகளுக்கு ஒரு முறை உண்டு. பக்கங்களுக்கு முன்னதாகவே எண் இடப்பட்டிருக்கும். தவறான பதிவைச் சுரண்டலாகாது. அதன்மேல் தாள் ஒட்டலாகாது. பக்கத்தைக் கிழிக்கவே கூடாது. தவறும் படிக்கும்படி தெரியுமாறு ஒரே கோடிட்டு அடித்து, மேலே சரியானதை எழுதிச் சுருக்கொப்பம் இடவேண்டும். அடித்தெழுதிய பதிவைக் கண்டு தணிக்கையாளர் ஐயுறார். கிழிந்த பக்கத்தைக் கண்டால் விடமாட்டார்.

இதையே அப்பெண்ணுக்கும் சொன்னேன். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிப் பக்கங்களுக்கு எண் இடுக, மாலைதோறும் ஒரு பக்கம் எழுதுக, ஐயமுள்ள சொல்லின் கீழ்க் கோடிட்டு மேலே செல்க, அடிக்கலாம், கிழிக்கலாகாது. படிக்கும்போது ஓர் அத்தியாயத்தை அகராதியின்றி முடித்துவிடுக. ஒரே சொல் மூன்று முறை எதிர்ப்பட்டால் மட்டும் பொருள் பார்க்க. இவ்வளவுதான்.

ஒரு வாரத்தில் அற்புதம் ஒன்றும் நிகழ்ந்துவிடவில்லை. சில நாள் அரைப் பக்கத்தோடு நின்றாள். சில நாள் எழுதியது அவளுக்கே பிடிக்கவில்லை. ஆயினும் பதினேழாம் பக்கத்தில் ஒரு செய்தி தானாக வந்து விழுந்தது. பாட்டி இவ்வூர்ச் சந்தையில் முதன்முதலாகக் கற்ற மராத்திச் சொல் ‘கிதி’. எவ்வளவு என்பது அதன் பொருள். அந்த ஒரு சொல்லையும் பத்து விரல்களையும் துணையாகக் கொண்டு ஓராண்டுக் காலம் குடும்பத்துக்குக் காய்கறி வாங்கினார் அவ்வம்மையார். கட்டுரையின் உயிர் அங்கேதான் இருந்தது. முதல் பத்தியையே மெருகிட்டுக் கொண்டிருந்தால் பதினேழாம் பக்கம் அவளுக்கு எங்ஙனம் கிடைத்திருக்கும்? சொல்ல வேண்டியது இன்னதென்பது எழுத எழுதத்தான் விளங்குகிறது. எஞ்சிய எழுத்துப் பிழைகளைத் தமிழறிந்த இருவர் ஒரே மாலையில் திருத்திக் கொடுத்தனர். அந்த நாவலையும் அவள் முடித்துவிட்டாள். “இவர் இந்த இடத்தை எப்படிக் கடந்தார் என்று இப்போது பார்த்துக்கொண்டே படிக்கிறேன், மாமா” என்கிறாள். எழுதித் தடுமாறியவர்க்கே இத்தகைய படிப்பு வாய்க்கும்.

பேரறிஞர் வாழ்விலும் இதற்குச் சான்று உண்டு. டாக்டர் உ. வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தபோது, 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தார். ஏட்டுச் சுவடிகளில் பாடபேதங்கள் மிகுதி. தீராத ஐயங்கள் பல. எல்லாம் தீரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. 20 ஆண்டுகள் கழித்து, 1907இல் திருத்திய இரண்டாம் பதிப்பைக் கொணர்ந்தார். முதற்பதிப்பு இருந்ததனால் அன்றோ இரண்டாம் பதிப்பு உண்டாயிற்று? அவர் 1940 முதல் வார இதழில் தொடராக எழுதிய ‘என் சரித்திரம்’ 1942இல் அவர் மறைந்தமையால் முற்றுப்பெறவில்லை. முற்றுப்பெறாத அந்நூலைத் தமிழுலகம் இன்றும் போற்றிப் படிக்கிறது.

நம்மைப் போல் வெளியூரில் வாழ்ந்த தமிழ்க் குடும்பத்தவர் ஒருவரையும் கூறலாம். சென்னையில் 1906இல் பிறந்து, மைசூரில் படித்த ஆர். கே. நாராயண் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தவறினார். அந்த ஓராண்டை வீட்டிலிருந்தபடி படிப்பதிலும் எழுதுவதிலும் கழித்தார். பட்டம் பெற அவருக்கு வழக்கத்தினும் ஓராண்டு கூடுதலாயிற்று. பட்டம் பெற்ற 1930ஆம் ஆண்டிலேயே, பாட்டி பார்த்துச் சொன்ன நல்ல நாளில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கித் தம் முதல் நாவலை ஆங்கிலத்தில் தொடங்கினார். பல பதிப்பகங்கள் மறுத்த அந்நூல், ‘சுவாமியும் நண்பர்களும்’ எனத் தமிழர் அறிந்தது, 1935இல் இலண்டனில் வெளிவந்தது. நாள் பார்த்தது தொடங்குவதற்கே. குறையற்ற வாக்கியம் வாய்க்கட்டும் என்று அவர் நாள் கடத்தவில்லை.

இவ்வாறு கூறுவதால் பிழை மலிய எழுதலாம் என்று நான் வாதிப்பதாக எவரும் கொள்ளற்க. செம்மை வேண்டும். ஆனால் அது இறுதியில் செய்யும் பணி. சுவர் எழும்பு முன்னர்ச் சுண்ணாம்பு அடிப்பார் உண்டோ?

பெரியவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். நம் பிள்ளைகள் நான்கு மொழிகளுக்கு நடுவே தமிழைக் காத்து வருகிறார்கள். அவர்கள் எழுதிய கடிதம் கைக்கு வந்தால் முதலில் அதில் உள்ள செய்திக்கு மறுமொழி கூறுங்கள். பின்னர்த் தனியே அழைத்து இரண்டு மூன்று பிழைகளை மட்டும் எடுத்துக்காட்டுங்கள். பலர் நடுவே படித்து நகைக்காதீர்கள். ஒரு நாளைய நகைப்பு ஒரு குடும்பத்தில் தமிழ் எழுத்தையே ஒரு தலைமுறையோடு நிறுத்திவிடக் கூடும்.

மாணவச் செல்வங்களே! இன்று மாலையே நோட்டின் முதல் தாளில் ‘1’ என எண் இடுங்கள். அடித்த கோடுகளோடும் ஐயங்களோடும் எழுதியதை நம் இதழுக்கு அனுப்புங்கள். திருத்தித் தர இங்கே ஆட்கள் இருக்கிறோம். நீங்கள் எழுதாத பக்கத்தைத் திருத்த மட்டும் எங்களால் இயலாது.