மேஸ்திரி தலையில் பழைய வரி

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் இன்று தெருவுக்கு ஒரு கட்டடமாவது பச்சை வலை போர்த்தி நிற்கிறது. முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் எழுந்த ஃப்ளாட்டுகள் இடிபட்டு, கீழே கார் நிறுத்த ஸ்டில்ட் விட்டு, புதிதாக எழும்புகின்றன. முகப்பில் பில்டரின் பெயர்ப் பலகை. உள்ளே வேலை செய்பவர்கள் பெரும்பாலும் அவருடைய ஆட்கள் அல்ல. சென்ட்ரிங் ஒருவரிடம், கம்பி கட்டுவது ஒருவரிடம், பூச்சு ஒருவரிடம், டைல்ஸ் இன்னொருவரிடம். சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி, சனிக்கிழமைதோறும் ஆட்களுக்குக் கூலி கொடுத்துவிட்டு, ரன்னிங் பில் எப்போது பாஸாகும் என்று காத்திருக்கும் இந்த மேஸ்திரிகளைத்தான் வரிச் சட்டம் சப்-கான்ட்ராக்டர் என்கிறது. சர்வீஸ் டாக்ஸ் 2017 ஜூலை 1-ம் தேதியோடு ஜி.எஸ்.டி.க்கு வழிவிட்டுவிட்டது. ஆனால், அந்தப் பழைய வரிக்கான நோட்டீஸும் விசாரணையும் இவர்களில் பலரை இன்னும் விடவில்லை.

1994-ல் டெலிபோன், பங்குத் தரகு, பொதுக் காப்பீடு என மூன்றே சேவைகளுக்கு 5 சதவிகிதமாகத் தொடங்கிய வரி இது. 2004 செப்டம்பரில் வணிகக் கட்டடங்களுக்கும், 2005 ஜூனில் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கும், 2007 ஜூனில் ‘ஒர்க்ஸ் கான்ட்ராக்ட்’டுக்கும் வந்தது. குடியிருப்பு என்றால் 12 வீடுகளுக்கு மேல் இருக்க வேண்டும் என்பது அன்றைய விதி. அடையாறிலும் மந்தைவெளியிலும் ஒரு கிரவுண்டு, இரண்டு கிரவுண்டில் கட்டிய ஆறு வீடு, எட்டு வீடு ஃப்ளாட்டுகள் வரிக்கு வெளியேதான் இருந்தன. 2012 ஜூலையில் சட்டம் தலைகீழாக மாறியது. விலக்கு என்று பட்டியலிட்டவை தவிர எல்லாச் சேவைக்கும் வரி. தனி வீட்டு வேலைக்கு விலக்கு உண்டு, எட்டு வீடு ஃப்ளாட்டுக்கு இல்லை. அதே பூச்சு, அதே கலவை, அதே ஆட்கள். ஜூன் மாதம் வரி இல்லாத வேலைக்கு ஜூலையில் வரி. இதைச் சாரத்தின் மேல் நிற்கும் மேஸ்திரிக்கு யார் சொன்னார்கள்?

அவரை விடுங்கள், வரித் துறைக்கே நெடுநாள் தெளிவு இருக்கவில்லை. முதன்மைக் கான்ட்ராக்டர் முழுத் தொகைக்கும் வரி கட்டினால் சப்-கான்ட்ராக்டர் கட்ட வேண்டாம் என்று பல சேவைகளுக்குத் துறையே முன்பு சொல்லியிருந்தது. 2007 ஆகஸ்ட் 23-ம் தேதியிட்ட சுற்றறிக்கை அதை மாற்றியது: மேலே உள்ளவர் கட்டியிருந்தாலும் கீழே உள்ளவரும் தன் பங்குக்குக் கட்ட வேண்டும். அதன் பிறகும் வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் பெஞ்சுகள் இருவிதமாகத் தீர்ப்பளித்தன. 2019 மே மாதம், மெலாஞ்ச் டெவலப்பர்ஸ் வழக்கில் டெல்லியில் கூடிய விரிவான பெஞ்ச், சப்-கான்ட்ராக்டர் கட்டியே ஆக வேண்டும் என்று முடிவாகச் சொன்னது.

கீழே உள்ளவர் கட்டினால் மேலே உள்ளவர் அதை ‘சென்வாட்’ கிரெடிட்டாக எடுத்துக்கொள்ளலாம்; ஆகவே இரட்டை வரி இல்லை என்பது இதற்கான வாதம். கொள்கையாக இது சரி. நடப்பில் அப்படி இல்லை. 2012 வரை 67 சதவிகிதக் கழிவுச் சலுகை எடுத்த பில்டருக்குக் கிரெடிட்டே கிடையாது. அங்கே ஒரே பூச்சுக்கு இரண்டு வரிதான். கிரெடிட் உண்டு என்ற இடத்திலும், ஐந்து ஆண்டு கழித்து மேஸ்திரியிடம் வசூலிக்கும் வரியை எந்த பில்டர் திருப்பித் தருவார்? ஒர்க் ஆர்டரில் ‘எல்லா வரிகளும் உட்பட’ என்ற ஒற்றை வரியில் அவர் கையெழுத்து வாங்கியிருப்பார்.

2014-15-ல் 30 லட்சம் ரூபாய்க்கு லேபர் கான்ட்ராக்ட் செய்தவரை எடுத்துக்கொள்வோம். அன்றைய 12.36 சதவிகிதத்தில் வரி 3,70,800 ரூபாய். அதற்குச் சமமான அபராதம், மேலே வட்டி. அந்த 30 லட்சத்தில் பெரும்பகுதி கூலியாகவே போயிருக்கும். பில்டர் 1 சதவிகிதம் டி.டி.எஸ். பிடித்ததாலும், இவர் வருமான வரிக் கணக்கை ஒழுங்காகத் தாக்கல் செய்ததாலும்தான் அந்தத் தொகை துறையின் கண்ணில் பட்டது. அப்படிப்பட்டவரை ‘உண்மையை மறைத்தார்’ என்று குற்றம்சாட்டி ஐந்தாண்டு பின்னோக்கிப் போகும் பிரிவை நீட்டுவது அநியாயம். தீர்ப்பாயப் பெஞ்சுகளே 12 ஆண்டு உடன்படாத ஒரு விஷயத்தில் மேஸ்திரி எதை மறைத்தார்? வருமான வரி விவரத்தை மட்டும் வைத்துக்கொண்டு கண்மூடித்தனமாக நோட்டீஸ் அனுப்பாதீர்கள் என்று மத்திய மறைமுக வரி வாரியமே 2021-ல் தன் அதிகாரிகளுக்கு எழுத வேண்டியிருந்தது.

அப்பீல் போகவே 7.5 சதவிகிதம் முன்பணம் கட்ட வேண்டும். பில்டர்களுக்கு வழக்கறிஞர்கள் உண்டு. 2018-ல் ஹாடோஸ் ரோட்டில் உள்ள தீர்ப்பாயத்தின் சென்னை பெஞ்சில், ரியல் வேல்யூ ப்ரமோட்டர்ஸ் வழக்கில், தவறான தலைப்பில் கேட்ட வரி செல்லாது என்று அவர்களால் வெல்ல முடிந்தது. மேஸ்திரிக்கு இருப்பது தெருமுனை ஆடிட்டர். அரசுக் கட்டட வேலையிலும் பொருளும் சேர்த்து எடுத்த சப்-கான்ட்ராக்டருக்குத்தான் விலக்கு கிடைத்தது; ஆள் மட்டும் கொடுத்தவருக்கு அந்த விலக்கு இல்லை. ஏழைக்கு அதிக வரி விழுந்த இடம் அது.

2019-ல் மத்திய அரசு ‘சப்கா விஸ்வாஸ்’ சமரசத் திட்டம் கொண்டுவந்தது. வழக்கில் இருந்த 50 லட்சம் வரையிலான பாக்கிக்கு 70 சதவிகிதத் தள்ளுபடி, வட்டியும் அபராதமும் முழுக்க ரத்து. நல்ல திட்டம். ஆனால் விண்ணப்பிக்கும் கெடு 2020 ஜனவரியில் முடிந்தது. வருமான வரி விவரத்தை வைத்து 2014-15-க்கும் அதற்குப் பிந்தைய ஆண்டுகளுக்கும் நோட்டீஸ்கள் குவிந்தது அதன் பிறகுதான். ஜி.எஸ்.டி.யின் முதல் மூன்று ஆண்டுகளுக்கு வட்டியும் அபராதமும் தள்ளுபடி செய்ய 2024-ல் சட்டத்தில் 128ஏ பிரிவைச் சேர்த்த அரசு, பழைய சர்வீஸ் டாக்ஸ் பாக்கிக்காரர்களை மறந்துவிட்டது.

நிதியமைச்சர் அடுத்த பட்ஜெட்டில் அவர்களுக்கு ஒரு வாசல் திறக்க வேண்டும். அதே வேலைக்கு முதன்மைக் கான்ட்ராக்டர் வரி கட்டியதற்கு ஆதாரம் இருந்தால், சப்-கான்ட்ராக்டர் மீதான வழக்கை அத்துடன் முடிக்கட்டும். அந்த ஆதாரத்தைத் தேடி அலைய வேண்டியவர் மேஸ்திரி அல்ல. பில்டர் தாக்கல் செய்த ரிட்டர்ன் நந்தனத்திலும் நுங்கம்பாக்கத்திலும் உள்ள துறையின் அலுவலகங்களிலேயே இருக்கிறது. பில்டர்கள் ‘வரி உட்பட’ என்ற வாசகத்தை ஒர்க் ஆர்டரிலிருந்து எடுத்துவிட்டு, 18 சதவிகித ஜி.எஸ்.டி.யைத் தனியாகக் காட்டித் தனியாகக் கொடுக்கட்டும், பில் வந்த மாதத்திலேயே.