காசு நம்முடையது, சாவி யாருடையது?

கொல்லன் கொழு அடித்துக் கொடுக்கிறான். காசு கொடுத்து வாங்கி வருகிறோம். அதன் பிறகு அது நம்முடையது. மழுங்கினால் நாமே தீட்டலாம். பக்கத்து ஊர்க் கொல்லனிடம் கொடுத்தும் சரிபார்க்கலாம். 'என் உத்தரவில்லாமல் கொழுவைத் தொடாதே' என்று எந்தக் கொல்லனும் சொன்னதில்லை. சொன்னால் ஊர் சிரிக்கும்.

ஆனால் கம்ப்யூட்டர் முதலாளிகள் இதைத்தான் சொல்லுகிறார்கள்!

'பஞ்சாலைத் தொழிலாளிக்கும் விவசாயக் கூலிக்கும் கம்ப்யூட்டரைப் பற்றி என்ன கவலை?' என்று சில மேதாவிகள் கேட்கிறார்கள். அவர்களைக் கேட்கிறோம்: 2023 ஜனவரி முதல் நூறு நாள் வேலைத் திட்டத்தில் ஆஜர் எடுத்தது எது? கைபேசிக்குள் இருந்த ஒரு மென்பொருள்! ஒரு நாளைக்கு இரண்டு படம். படம் ஏறாவிட்டால், வெயிலில் மண் சுமந்தவளின் கூலி அந்தரத்தில் நின்றது. இன்று ஆலை வாசலில் விரல் ரேகை வாங்குவதும் யந்திரம். ஓவர்டைம் கணக்குப் போடுவதும் யந்திரம். நம் கூலியை எண்ணும் யந்திரத்தின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்க நமக்கு உரிமை இல்லையா?

அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் 1983-ல் இந்தக் கேள்வியை உரக்கக் கேட்டார். அவர் நமது இயக்கத்தைச் சேர்ந்தவர் அல்ல. ஆயினும் அவர் கேட்டது நியாயம். மென்பொருளை எவரும் எதற்கும் ஓட்டலாம், உள்ளே பார்த்து மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம், மாற்றியதையும் கொடுக்கலாம். இதுவே கட்டற்ற மென்பொருள். இலவசம் என்பது வேறு, கட்டற்றது என்பது வேறு. எஜமான் இலவசமாகப் போடும் கஞ்சியில் சுதந்திரம் இல்லை. 1991-ல் ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் என்ற கருவைத் தந்தார். பல நாட்டு உழைப்பாளிகளின் கைகள் சேர்ந்து அதை வளர்த்தன. இன்று உலகின் பெரிய கம்ப்யூட்டர்கள் அதன் மேல்தான் ஓடுகின்றன.

மென்பொருள் கிடைத்தது. அதை மட்டுமே கொண்டு ஓடும் யந்திரம் கடையில் கிடைக்கிறதா? தேடிப் பாருங்கள்! கம்பியில்லாமல் இணையத்தோடு சேர்க்கும் சிறு அட்டை கூட, பெரும்பாலும் கம்பெனி மூடி வைத்த நிரலை ஊட்டினால்தான் வேலை செய்கிறது. படம் காட்டும் சிப்பும் அப்படியே. இந்த நெருக்கடியில்தான், கட்டற்ற கொள்கையில் பிடிவாதமாக நின்ற டெபியன் இயக்கம் கூட 2022-ல் வாக்கெடுப்பு நடத்தி, மூடிய நிரல்களையும் தன் நிறுவல் தட்டில் சேர்க்க நேர்ந்தது. அவர்களை நாம் குறை சொல்லவில்லை. கையை முறுக்கியவன் யார் என்பதே கேள்வி.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. இன்டெல் கம்பெனி 2008 முதல் ஏறக்குறைய தன் எல்லா யந்திரங்களிலும் ஒரு ரகசியக் குட்டிக் கம்ப்யூட்டரைப் புதைத்து விற்றது. பிரதான யந்திரம் உறங்கும்போதும் அது விழித்திருக்கும். அதன் நிரலில் கம்பெனியின் முத்திரை உண்டு. வாங்கியவன் தன் நிரலை அங்கே வைக்க முடியாது. அதை அடியோடு அழித்துவிட்டால் யந்திரம் அரைமணி நேரத்தில் தானே அணைந்துவிடும்! போட்டிக் கம்பெனியான ஏஎம்டியும் இதே வழியில் தன் காவல்காரனை உள்ளே வைத்தது. மேஜைக் கம்ப்யூட்டர் சந்தையின் பெரும்பகுதி இந்த இருவர் கையில். தப்பிக்க இடம் எங்கே?

'ரகசியமாக இருப்பதுதான் பாதுகாப்பு' என்று வாதாடுகிறார்கள். பச்சைப் பொய்! 2017 மே மாதம், தூரத்திலிருந்து யந்திரத்தை நிர்வகிக்க இன்டெல் வைத்த அந்த வசதியிலேயே பெரிய ஓட்டை இருந்ததாகக் கம்பெனியே ஒப்புக்கொண்டது. பல ஆண்டுகளாக இருந்த ஓட்டை! பூட்டிய அறைக்குள் பாம்பு இருந்ததை வீட்டுக்காரனால் பார்க்க முடியவில்லை. இதுவா பாதுகாப்பு?

விளைவு என்ன? கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2015-ல் நற்சான்று கொடுத்த மடிக்கணினி, 2008-ல் வெளிவந்த பழைய மாடல்! அந்தக் காவல்காரனை வெளியேற்ற முடிந்த கடைசித் தலைமுறைகளில் ஒன்று அது. புதிய யந்திரத்தில் சுதந்திரம் வேண்டுமா? 2019-ல் நற்சான்று பெற்ற டாலோஸ் என்ற யந்திரம் உண்டு. விலையோ ஆயிரக்கணக்கான டாலர். சுதந்திரம் கனவான்களின் ஆடம்பரப் பண்டமாகிவிட்டது.

இது கம்ப்யூட்டரோடு நிற்காது. அமெரிக்காவில் டிராக்டரைச் சரிபார்க்கும் மென்பொருளை விவசாயிக்குத் தராமல் ஏஜெண்டுகளிடம் மட்டுமே வைத்திருப்பதாக, அந்நாட்டு சர்க்காரின் வர்த்தகக் கமிஷனே 2025 ஜனவரியில் டீர் கம்பெனி மீது வழக்குத் தொடுத்தது. இன்று அவன் வயல். நாளை நம் வயல்.

வழி உண்டா? உண்டு! சென்னை ஐ.ஐ.டி.யில் 'சக்தி' என்ற சிப்பை வடிவமைத்து, வரைபடத்தை உலகறிய வெளியிட்டார்கள். 2018-ல் அது இரண்டு இடங்களில் வார்க்கப்பட்டது. ஒன்று அமெரிக்காவில் இன்டெல்லின் ஆலை. மற்றொன்று பஞ்சாபின் மொகாலியில் உள்ள நம் பொதுத்துறை ஆலை. இதில் பாடம் இருக்கிறது. வரைபடம் மட்டும் நம்முடையதாக இருந்தால் போதாது. உலைக்கூடமும் பொதுச் சொத்தாக வேண்டும். மொகாலி ஆலையின் வசதியோ பழையது. உலகம் பல படிகள் முன்னே போய்விட்டது. அதை வளர்க்காமல் அன்னிய ஏகபோகத்தின் வாசலில் நிற்பது யாருக்கு லாபம்?

ஆகவே நாம் கோருகிறோம். மக்கள் வரிப்பணத்தில் வாங்கும் கம்ப்யூட்டரின் நிரல் முழுவதும் திறந்திருக்க வேண்டும் என்று சர்க்கார் டெண்டரில் நிபந்தனை போடட்டும். கூலியும் ஆஜரும் கணக்கிடும் மென்பொருளைத் தொழிற்சங்கம் பரிசோதிக்க உரிமை வேண்டும். வாங்கிய யந்திரத்தைப் பழுதுபார்க்கும் உரிமை சட்டமாக வேண்டும். பொதுத்துறைச் சிப்பு ஆலை விரிவடைய வேண்டும்.

யந்திரத்தின் மீது நமக்குப் பகை இல்லை. அதை உண்டாக்கியதும் உழைப்பாளியின் மூளையும் கையும்தான். அதன் சாவி எஜமானன் மடியில் இருப்பதைத்தான் எதிர்க்கிறோம். தோழர்களே! அடுத்த சங்கக் கூட்டத்தில் இந்தக் கேள்வியை எழுப்புங்கள்: நம் கூலியை எண்ணும் பெட்டியின் சாவி யாரிடம்?