ஊற்றுநீர் ஓடும் வெல்ஸ் நகரம்

இங்கிலாந்தின் சோமர்செட் பிரதேசத்தில், மெண்டிப் குன்றுகளின் அடிவாரத்தில், ஏறத்தாழ 12,000 ஜனங்களே வசித்தபோதிலும், தனது பேராலயத்தின் பிரபாவத்தால் 'நகரம்' என்னும் அந்தஸ்துடன் விளங்கும் வெல்ஸ், வாழ்வதற்குப் பெருநகரங்களைவிட உகந்தது என்பது என் திடமான அபிப்பிராயம். மத்திய கோபுரத்தின் பாரம் தாளாமல் அப்பேராலயத்தில் விரிசல் கண்டபோது, 1338 முதல் பத்தாண்டுகளில் சிற்பிகள் கத்தரிக்கோல் வடிவில் நிறுத்திய கல் வளைவுகளே இன்று அதன் பரம சௌந்தரியமாகி நிற்கின்றன.

ஆயினும், என் சித்தத்தை அதிகம் கவர்வது தண்ணீர்தான். 1451-இல் பெக்கிங்டன் என்னும் பிஷப் தம் அரண்மனைத் தோட்டத்து ஊற்றை ஊராருடன் பகிர்ந்துகொண்டதன் பயனாக, கடைவீதியின் ஓரக் கால்வாய்களில் இன்றும் தெளிந்த நீர் சலசலத்து ஓடுகிறது. அரண்மனை அகழியின் அன்னங்களோ, வாயில்மாடத்தின் அருகே தொங்கும் கயிற்றை அலகால் இழுத்து, மணியடித்து, இரை கேட்கின்றன!

1963-இல் பிரயாணிகள் ரயில் நின்றுபோனது மெய்யான குறையே. அதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் புதனும் சனியும் கூடும் சந்தையில் காய்கறி வாங்கி, பையைக் கையில் சுமந்தபடியே பேராலயத்துக்குள் நுழைந்து, பாடகர் குழுவின் மாலைப் பிரார்த்தனை கீதத்தைக் கட்டணமின்றிக் கேட்டுவிட்டு, விளக்கேற்றும் வேளையில் நடந்தே வீடு சேரும் பாக்கியம் லண்டன்வாசிகளில் எத்தனை பேருக்கு உண்டு?