பொதுக் கூரையின்கீழ் ஒரு சிறு வீடு

வீடு வாங்குவோன் விலையையும் அறைகளின் தொகையையும் மாத்திரம் நோக்குவானாயின், ஒல்லாந்து நாட்டுத் தொடர்மாடிகளிலே தான் வாங்கும் பொருளிற் பாதியைப் பாராதவனாவான். 1980களிலிருந்து அந்நாட்டிற் குடியேறிய நம்மவர் பலர். அவர்தம் மக்கள் வளர்ந்து தமக்கென வீடு தேடும் காலம் இது. நகர்நடுவிலே விலை எட்டாத உயரத்தில் நிற்க, புறநகரில் ஐம்பது அறுபது சதுர மீற்றர் பரப்புள்ள மாடிவீடொன்றே எளிய வருவாயினர்க்கு ஓரளவு கைகூடுவதாய் இருக்கின்றது. முப்பதாண்டுக் கடனைத் தலைமேற்கொண்டு அதனை வாங்குதல் தகுமோ? தகும் என்பதே எம் கருத்து. ஆயின், ஒன்றை ஆராய்ந்த பின்னரே தகும்.

வாங்கும் முறைபற்றி விரித்துரைக்க வேண்டுவதில்லை. உடன்படிக்கை எழுத்தில் இருத்தல் வேண்டும். அதன் படி கையிற் கிடைத்தபின் மனத்தை மாற்றிக்கொள்ள மூன்று நாள் தவணையினை 2003ஆம் ஆண்டு முதல் சட்டம் அளிக்கின்றது. பின்னர் நொத்தாரிசு முன்னிலையில் உறுதி முடிந்து, அரசின் நிலப்பதிவேட்டில் ஏறும். நம் முதியோர் 'நொத்தாரிசு கந்தோர்' என்று வழங்கிய அவ்விரு சொற்களும் ஒல்லாந்தர் நமக்கு விட்டுச்சென்றவை; இன்றும் அவர்கள் நாட்டில் உறுதி முடிக்கும் இடத்துக்குப் பெயர் அதுவேயாம். 2018 முதல் வீட்டின் பெறுமதிக்கு மேற்பட்ட கடன் பொதுவாகக் கிடைப்பதில்லை. ஆகையால் நொத்தாரிசின் கூலியும், நூற்றுக்கு இரண்டு வீதமாகிய கைமாற்று வரியும் சொந்தச் சேமிப்பிலிருந்தே வரல் வேண்டும். பதினெட்டு வயது நிரம்பி முப்பத்தைந்தை எட்டாதோர், குறித்த விலைக்கு மேற்படாத வீட்டை வாங்குங்கால், ஒருமுறை அவ்வரியினின்றும் விலக்குப் பெறுவர். இச்சலுகை 2021இல் வந்தது.

இனி ஆராயவேண்டிய அவ்வொன்றுக்கு வருவோம். யாழ்ப்பாணத்து உறுதிகளிலே காணியோடு கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காலும் சேர்த்தெழுதுதலை நாம் அறிவோம். ஒல்லாந்திலே 1951இல் இயற்றப்பட்ட மாடிவீட்டுச் சட்டமும் இவ்வாறான ஒரு பங்குரிமையையே வகுத்தது. வாங்குவோனுக்குக் கட்டடம் முழுவதிலும் ஒரு பங்கும், தன் பகுதியைத் தானே தனித்து ஆளும் உரிமையும் கிடைக்கும். அவற்றோடு உரிமையாளர் சங்கத்தில் உறுப்பாண்மையும் வந்து சேரும். 'எனக்கு வேண்டாம்' என்று அதனை விலக்க இயலாது. கூரை, படிக்கட்டு, மின்தூக்கி, வெளிச்சுவர் யாவும் அச்சங்கத்தின் பொறுப்பு. மாதந்தோறும் சந்தா கொடுத்தல் கடன்.

'சந்தா மிகக் குறைவு' என்று விற்போர் சிறப்பித்துக் கூறுவர். எமக்கோ அது ஐயத்துக்கே இடமாகத் தோன்றுகின்றது. நெடுங்காலத் திருத்த வேலைக்கென்று எழுதிய திட்டத்தின்படி நிதி ஒதுக்கல் வேண்டும். அன்றேல் கட்டடத்தை மீளக் கட்டுதற்காகும் செலவில் ஆண்டுதோறும் 0.5 வீதமேனும் ஒதுக்கல் வேண்டும் என்பது 2018இல் வந்த விதி. எடுத்துக்காட்டாக, இருபது வீடுகள் உள்ள கட்டடமொன்றை மீளக் கட்ட நாற்பது இலட்சம் யூரோ ஆகுமெனக் கொள்வோம். ஆண்டுக்கு 20,000 யூரோ ஒதுக்கப்படின், வீடொன்றுக்கு மாதம் ஏறக்குறைய 83 யூரோ இதற்கே வேண்டும். காப்புறுதியும் துப்புரவும் வேறு. அத்தகைய கட்டடத்தில் மாதச் சந்தா ஐம்பது யூரோ என்றால், மற்றையது எங்கிருந்து வரும்? தூர் வாராத பங்குக் கிணறு போல, எல்லாரும் அள்ளினர், ஒருவரும் இறைக்கவில்லை என்பதே அதன் பொருள். கூரை ஒழுகும் நாளிலே, வங்கிக் கடனும் இறுத்து முடியாத இளங்குடும்பத்தின் வாயிலுக்கு ஆயிரக்கணக்கான யூரோவுக்குப் பற்றுச்சீட்டு வரும்.

பொதுப் பகுதி எத்துணை இன்றியமையாதது என்பதற்கு அம்ஸ்ரடாமின் தென்கிழக்கே உள்ள பைல்மர்மேர் என்னும் புறநகர் சான்று. 1966இற் கட்டத் தொடங்கிய அவ்விடத்திலே தேன்கூட்டின் அறுகோணம்போல வளைந்து செல்லும் பெருந்தொடர்மாடிகள் எழுந்தன. வீடுகள் விசாலமானவை, சூழப் பசும்புல்வெளி. எனினும் நீண்ட நடைகூடங்களையும் மின்தூக்கிகளையும் இருண்ட கீழ்த்தளங்களையும் பேணுவாரின்மையால் அவ்வூர் பெயர்கெட்டது. சூரினாம் 1975இல் விடுதலை பெற்ற காலத்து அங்கிருந்து வந்தோர் பலர் இவ்வூரிற் குடிபுகுந்தனர். அவர்களையே குறைகூறியோரும் உளர். அது நேரிய கூற்றன்று. 1992 ஒக்டோபர் 4ஆந் திகதி சரக்கு விமானமொன்று அங்குள்ள மாடிகளின்மேல் வீழ்ந்து 43 பேர் மாண்டனர். பின்னர்ப் பல கட்டடங்கள் இடிக்கப்பட்டன.

கிளைபுர்க் என்னும் தொடர்மாடியும் இடிபடவே இருந்தது. ஏறத்தாழ 400 மீற்றர் நீளமும் 500 வீடுகளும் உடைய அதனை ஒரு யூரோ விலைக்கு ஒரு கூட்டுக்குழு ஏற்றது. மின்தூக்கிகளையும் நடைகூடங்களையும் கீழ்த்தளத்தையும் குழு திருத்தியது. வீடுகளையோ சமையலறை, குளியலறை, வெப்பமூட்டி ஒன்றுமின்றி வெறுங்கூடாகவே விற்றது. வாங்கியவர் தத்தம் வசதிக்கேற்ப உள்ளே அமைத்துக்கொண்டனர். 2017இல் ஐரோப்பியக் கட்டடக்கலைக்குரிய மீஸ் வான் டெர் றோ பரிசு அதற்குக் கிடைத்தது. பரிசினும் எமக்குப் பெரிதாய்த் தோன்றுவது அவ்வேலையின் ஒழுங்கு: முதலிற் பொது, பின்னர்த் தனி.

சிறிய வீடு குடும்பத்துக்குப் போதாது என்பாரும் உளர். ஒரு குழந்தையோடு போதும், இரண்டாயின் நெருக்கமே. அப்போது விற்று மாறலாம், கட்டடம் நன்னிலையில் இருந்தால். அம்ஸ்ரடாமில் நகரசபை 1896 முதல் நிலத்தைக் குத்தகைக்கே கொடுத்துவரும் வழக்கம் உண்டு. ஆண்டுக் குத்தகை முன்னரே இறுக்கப்பட்டதோ என்பதையும் கேட்டறிதல் நன்று.

சங்கத்தின் கணக்கையும் சென்ற மூன்றாண்டுக் கூட்டக் குறிப்புகளையும் கையெழுத்திடுமுன் கேட்டு வாங்குக; பிந்தினாலும் அம்மூன்று நாள் தவணை கழியுமுன் படித்துவிடுக. தந்தைக்கு அம்மொழி வாராதெனினும், அங்கே பயின்ற மகளுக்கோ மகனுக்கோ வரும். கூரை என்றும், மின்தூக்கி என்றும், சந்தா நிலுவை என்றும் வருமிடங்களை அவர்கள் இருமுறை வாசித்துக் காட்டட்டும்.