அணைத்தாலும் 'ஷாக்' அடிக்கும்!

பழைய வால்வு செட் வாங்குவோர் உஷார்

வால்வு ஆம்பிளிபயர் மோகம் திரும்பி வந்திருக்கிறது. தாத்தா காலத்து ஸ்டீரியோ செட்டைப் பரணில் இருந்து இறக்கித் தூசி தட்டுகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் இறக்கின கையோடு பிளக்கில் சொருகுகிறார்களே, அங்கேதான் வம்பு!

1959-ல் வந்த அமெரிக்க செட் 'டைனகோ ஸ்டீரியோ 70'. சேனலுக்கு 35 வாட். 'இ.எல்.34' வால்வு நாலு. உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் டி.சி.! சுவிட்சை அணைத்தாலும் கண்டென்சரில் அது பதுங்கி இருக்கும். கை பட்டால் ஆளையே முடித்துவிடும்.

வால்வு அப்புறம்!

பலர் முதலில் விலை உயர்ந்த வால்வு தேடி ஓடுகிறார்கள். இது தலைகீழ் வேலை. கிழட்டு கண்டென்சர் கசிந்தால் புது வால்வும் சிவந்து எரியும். டிரான்ஸ்பார்மரும் போச்சு!

முதலில் ரெசிஸ்டர் வைத்து சார்ஜை இறக்குங்கள். மீட்டரில் பூஜ்யம் பாருங்கள். பழைய கண்டென்சர்களை மாற்றுங்கள். எர்த் உள்ள மூணு பின் ஒயர் போடுங்கள். பிறகு சீரிசில் குண்டு பல்பு போட்டு 'ஆன்' செய்யுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்தபடியே நின்றால் உள்ளே ஷார்ட்! 120 வோல்ட் அமெரிக்க செட்டை நம்ம ஊர் 230-ல் நேராகச் சொருகவே கூடாது.

பழசை விற்கும் கடைக்காரர்களும் காசை வாங்கிப் போட்டுக்கொண்டு சும்மா இருக்கக் கூடாது. இதையெல்லாம் சொல்லித்தான் விற்க வேண்டும்.

பாட்டை அடுத்த வாரம் கேட்கலாம். போன உயிர் வருமா?