ஷட்டவுன் வேலைக்கு யார் போகிறார்கள்?

அணு உலை என்றாலே வெடிக்குமா, வெடிக்காதா என்ற விவாதத்திலேயே நாம் நின்றுவிடுகிறோம். உலை ஓடும் நாட்களைவிட அது பழுதுக்காக நிற்கும் நாட்களில்தான் நம் சேரி ஆட்கள் அதிகம் உள்ளே போகிறார்கள். அதைப் பற்றி நம்மில் யாரும் பேசுவதில்லை.

அணுமின் நிலையம் ஒன்றின் பக்கத்துச் சேரியில் சில மாதங்களுக்கு முன் வீடு வீடாகப் போய்ப் பேசினோம். ஒரு அண்ணன், வயது ஐம்பதைத் தாண்டியவர், "ஷட்டவுன் வேலைக்குப் போவேன்" என்றார். சாரம் கட்டுவது, குழாயைச் சுற்றிய வெப்பத்தடுப்பைப் பிரிப்பது, சிந்திய தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுப்பது. நெஞ்சில் கதிர்வீச்சு பேட்ஜ் மாட்டுவார்களாம், வெளியே வரும்போது வாங்கிக்கொள்வார்களாம். அதில் எவ்வளவு பதிவானது என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. "கேட்டா அடுத்த தடவை கூப்பிட மாட்டான்" என்றார். அவன் என்றது ஒப்பந்தக்காரனை.

இயந்திரம் என்றால் பழுதாகும், அதில் அதிசயமில்லை. உத்தரப்பிரதேசத்தின் நரோராவில் 1993 மார்ச் 31 அன்று டர்பைனின் இரண்டு இறகுகள் முறிந்தன. அதிர்வில் ஹைட்ரஜன் கசிந்து தீப்பிடித்தது, மின்கம்பிகள் எரிந்து நிலையமே இருட்டானது. ஊழியர்கள் கையில் டார்ச்சோடு மேலே ஏறி, போரான் கலந்த நீரைத் திறந்துவிட்டு உலையைக் காத்தார்கள். அவர்களுக்கு நம் வணக்கம். ஆனால் அந்த இறகு வடிவமைப்பில் குறை இருக்கிறது என்று வடிவமைத்த நிறுவனம் முன்பே எச்சரித்திருந்தது. எச்சரிக்கையைக் கிடப்பில் போட்டவர்கள் அன்றிரவு படிக்கட்டு ஏறவில்லை.

கல்பாக்கம் நமக்குப் பக்கம். அங்குள்ள மறுசுழற்சி ஆலையில் 2003 ஜனவரியில் ஒரு வால்வு பழுதானதால் ஆறு ஊழியர்கள் கடும் கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். அந்த இடத்தில் எச்சரிக்கும் கருவி இல்லை. நிர்வாகம் அதை வெளியே ஒப்புக்கொள்ளவே பல மாதங்கள் ஆயின. நிரந்தர ஊழியர்களுக்கே, சங்கம் வைத்திருந்தவர்களுக்கே, இதுதான் கதி. கூடங்குளத்தில் 2014 மே மாதம் வெந்நீர் பீறிட்டு ஆறு பேர் வெந்துபோனார்கள். அவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர்களும் இருந்தார்கள்.

விதிப்படி ஒரு தொழிலாளி ஓராண்டில் 30 மில்லிசீவர்ட்டையும், ஐந்தாண்டில் 100 மில்லிசீவர்ட்டையும் தாண்டக்கூடாது. நல்ல விதிதான். ஆனால் கதிர்வீச்சு உள்ள இடத்தில் நூறு மணி நேர வேலை இருந்தால் அதை யாராவது செய்தாக வேண்டும். ஒருவர் வரம்பை எட்டினால் அவரை அனுப்பிவிட்டு அடுத்தவரை இறக்கலாம். வேலைக்கு ஆள் மாறுகிறது, மொத்தக் கதிர்வீச்சு அப்படியே பல உடல்களில் பிரிந்து இறங்குகிறது. மலிவான கூலியும் மாற்று வேலை இல்லாத ஊரும் இருந்தால் இந்தக் கணக்கு சுலபமாகத் தீர்ந்துவிடும். மலக்குழிக்கு ஆள் கிடைப்பதும் இதே வழியில்தான் என்பது உங்களுக்குத் தெரியும்.

ஜப்பானில் இதைச் சந்திக்குக் கொண்டுவந்தவர் ஹோரியே குனியோ என்ற எழுத்தாளர். 1970களின் இறுதியில் மூன்று அணுமின் நிலையங்களில் ஒப்பந்தக் கூலியாகவே சேர்ந்து வேலை செய்துவிட்டு 1979இல் புத்தகம் எழுதினார். அங்கே பராமரிப்பு வேலைக்கு ஒசாகாவின் காமகசாகி போன்ற தினக்கூலிச் சந்தைகளிலிருந்து ஆள் பிடித்தார்கள். அந்தச் சந்தைகளில் நிற்பவர்களில் புராக்கு மக்களும் உண்டு. பிறப்பால் தீட்டென்று ஒதுக்கப்பட்டவர்கள். ஃபுகுஷிமா விபத்துக்குப் பிறகு, 2011 டிசம்பரில், துணை ஒப்பந்த நிறுவனம் ஒன்றின் மேலாளர் தொழிலாளர்களின் கதிர்வீச்சு மானியை ஈயத்தகட்டால் மூடச் சொன்னார். மானி குறைவாகக் காட்டினால் ஆளை இன்னும் சில நாள் வேலை வாங்கலாமே!

இங்கே சமூகவியல் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு வேலை இருக்கிறது. ஷட்டவுன் வேலைக்குப் போகும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் எந்தச் சமூகம், எந்த ஊர்ப்பகுதி, எத்தனை ஆண்டாகப் போகிறார்கள் என்று கணக்கெடுங்கள். எங்கள் கணிப்பு தவறாக இருந்தால் மகிழ்வோம். "எங்கள் நிலையம் பாதுகாப்பானது" என்ற பதிலை வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள், நாம் கேட்பது அதுவல்ல. ஒவ்வொரு தொழிலாளிக்கும் அவருடைய கதிர்வீச்சுப் பதிவு தமிழில், எழுத்தில், கையில் கிடைக்க வேண்டும். வேலையை விட்ட பிறகும் மருத்துவப் பரிசோதனை தொடர வேண்டும். ஒப்பந்தக்காரர் மாறினாலும் பதிவு மாறக்கூடாது.

முதல் மனுவை அந்த அண்ணனின் பெயரிலேயே போடலாம் என்று கேட்டோம். பேத்தியின் கல்லூரி சேர்க்கை முடியட்டும் என்றார். காத்திருக்கிறோம்.